லோட் எடுப்பதற்கு முன் ஏஜெண்டை எப்படிச் சோதிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் ஒரு தம்பி பழைய பத்துச் சக்கர லோரி ஒன்றை வாங்கியிருக்கிறார். கிள்ளானில் இருந்து ஒரு டிரான்ஸ்போர்ட் ஏஜெண்ட் வாட்சப்பில் தொடர்பு கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் இருந்து உர மூட்டைகளைப் பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏற்றி வர வாரம் ஐந்து டிரிப் தருவாராம். டிரிப்புக்கு 900 வெள்ளி (ரிங்கிட்), பணம் 60 நாளில். "ஆள் நல்லாத்தான் பேசுறார் அண்ணே. இவரை நம்பி லோட் எடுக்கலாமா? எப்படிச் சோதிக்கிறது?" என்று கேட்கிறார்.

தம்பி, ஆள் நல்லவரா கெட்டவரா என்பதை நீங்களும் நானும் வாட்சப்பில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த லோட்டுக்கான பணத்தைத் தர வேண்டிய கடமை எந்தப் பெயரின் மேல் விழுகிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். இந்த வட்டாரத்துச் சின்ன லோரி முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பணம் வராமல் என் மேசைக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான். ஃபோனில் கூப்பிட்டவர் ஒருவர், ரேட் பேசியவர் இன்னொருவர், டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டில்) இருப்பது வேறொரு கம்பெனி, முதல் இரண்டு டிரிப்புக்குப் பணம் வந்தது யாரோ ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் இருந்து. யார் மேல் வழக்குப் போடுவது என்று வக்கீலே தடுமாறுவார்.

முதலில் நீங்கள் எவ்வளவு கடன் கொடுக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஆமாம், கடன்தான். தோட்டத்து ஸ்டோரில் மூட்டையை இறக்கிய நிமிடத்தில் இருந்து நீங்கள் அந்த ஏஜெண்டுக்குக் கடன் கொடுத்தவர். வாரம் 5 டிரிப், மாதம் 20 டிரிப், 18,000 வெள்ளி. 60 நாள் என்பது எந்த நாளில் இருந்து என்று கேட்டீர்களா? பல ஏஜெண்டுகள் மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் தேதியில் இருந்துதான் எண்ணுவார்கள். அப்படியானால் மாதம் முதல் தேதி ஓடிய டிரிப்புக்கு ஏறக்குறைய 90 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று மாத ஓட்டம், 54,000 வெள்ளி, அவர் கையில் நிற்கும். டீசல், டிரைவர் சம்பளம், டோல், டயர் எல்லாம் ரொக்கம். ஒரு டிரிப்பில் உங்களுக்கு மிஞ்சுவது 90 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அந்த 54,000-இல் உங்கள் பையில் இருந்து போனது 48,600. அவர் தராமல் விட்டால் அதை மீட்க இன்னும் 540 டிரிப் ஓட வேண்டும். அது 27 மாதம். ஒரு வங்கி உங்களுக்கு 50,000 வெள்ளி கொடுக்க எத்தனை காகிதம் கேட்டது என்று லோரி லோன் எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். அதில் பாதியையாவது நீங்கள் அவரிடம் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையத்தில் தேடினால் அமெரிக்கக் காணொலிகள் நிறைய வரும். அங்கே லோட் புரோக்கருக்கென்று மத்திய அரசின் பதிவு உண்டு. 75,000 டாலர் பிணைத்தொகை வைத்தால்தான் அந்த உரிமமே செல்லும், லோரிக்காரர் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். நம் நாட்டில் லோட் பிடித்துக் கொடுப்பவருக்கு அப்படிப் பிணையோடு கூடிய தனிப் பதிவு கிடையாது. ஒரு கைப்பேசியும் இரண்டு தொடர்பும் இருந்தால் நாளைக்கே ஒருவர் ஏஜெண்ட் ஆகிவிடலாம். அதனால் அங்கே அரசு செய்யும் வடிகட்டலை இங்கே நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் இருந்து தொடங்குங்கள். அவரிடம் கம்பெனியின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். லோகோவையோ பிசினஸ் கார்டையோ படம் பிடித்து அனுப்பினால் போதாது. 2019 அக்டோபரில் இருந்து பதிவு எண் 12 இலக்கம். முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு என்ன வகை என்பது: 01 என்றால் உள்நாட்டு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி), 03 என்றால் எண்டர்பிரைஸ் (கம்பெனியாக இல்லாத வியாபாரப் பதிவு). "இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கோம்" என்று சொல்பவரின் எண் 2024 என்று தொடங்கினால், பழைய கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நல்ல காரணமும் இருக்கலாம், கடனை விட்டுவிட்டுப் புதுப் பெயரில் கடை திறந்ததாகவும் இருக்கலாம். பதிலைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது இலவசம். நான் சொல்வது, கொஞ்சம் பணம் கட்டி எஸ்.எஸ்.எம்.மின் இணையச் சேவையில் கம்பெனி விவர அறிக்கையையே வாங்குங்கள் என்று. ஒரு டிரிப் டீசல் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அறிக்கையில் நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். இயக்குநர்கள் யார்? உங்களிடம் பேசுபவரின் பெயர் அதில் உண்டா? இல்லையென்றால் எந்த அதிகாரத்தில் பேசுகிறார்? செலுத்திய மூலதனம் எவ்வளவு? 2016 கம்பெனிச் சட்டப்படி ஒரே ஒரு வெள்ளியிலும் கம்பெனி தொடங்கலாம். அப்படித் தொடங்கியது குற்றமில்லை, ஆனால் அந்த ஒரு வெள்ளிக் கம்பெனி உங்களுக்கு 54,000 தர வேண்டியிருக்கும்போது அதற்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை என்பதை மறக்காதீர்கள். ஆண்டறிக்கை தாக்கல் செய்திருக்கிறார்களா? வருடத்துக்கு ஒரு காகிதத்தை எஸ்.எஸ்.எம்.முக்கு நேரத்தோடு அனுப்பாத அலுவலகம் உங்கள் இன்வாய்ஸை மட்டும் நேரத்தோடு பார்க்குமா? நிதிக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் கிடைக்காது. சில தனியார் கம்பெனிகள் கணக்குக்குப் பதில் ஒரு சான்றிதழ் மட்டும் தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது இல்லாததை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

அதே அறிக்கையில் அடமானப் பதிவு என்று ஒரு பகுதி இருக்கும், கெராணிகள் (எழுத்தர்கள்) சார்ஜ் என்பார்கள். அங்கே நிதானமாக நில்லுங்கள். ஒரு வங்கி கம்பெனியின் எல்லாச் சொத்தின் மேலும் டிபென்ச்சர் (கடனுக்கான அடமானப் பத்திரம்) போட்டிருந்தால், கம்பெனி கவிழும் நாளில் தோட்டத்தில் இருந்து வர வேண்டிய பணத்தின் மேலும் வங்கிக்குத்தான் முதல் பிடி. உங்களைப் போன்றவர்கள் வரிசையின் கடைசியில். டிபென்ச்சர் இருக்கும் கம்பெனி எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை, ஒழுங்கான பெரிய கம்பெனிகளுக்கும் இருக்கும். அங்கே கடன் அளவைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எண்டர்பிரைஸ் என்றால் கதை வேறு. அதில் கம்பெனி என்ற தனி ஆள் கிடையாது. பதிவில் இருக்கும் உரிமையாளரே சொந்தமாகக் கடன்பட்டவர், அவர் வீடு, கார் எல்லாம் கணக்கில் வரும். சென்டிரியான் பெர்ஹாட் என்றாலே பெரிய இடம், எண்டர்பிரைஸ் என்றால் பெட்டிக்கடை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். கடன் கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தால் சொத்துள்ள ஓர் எண்டர்பிரைஸ்காரர் வெறுங்கைக் கம்பெனியைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது கடன் வரலாறு. சி.டி.ஓ.எஸ்., எக்ஸ்பீரியன் இரண்டும் 2010 கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நடப்பவை. கம்பெனி மேல் நடக்கும் வழக்குகள், கம்பெனிக் கலைப்பு மனுக்கள், இயக்குநர்களுக்கு இருக்கும் மற்ற கம்பெனிகள், வேறு வியாபாரிகள் பதிந்து வைத்த நிலுவைகள் இவை எல்லாம் அந்த அறிக்கையில் வரும். தனிமனிதரின் கடன் விவரம் பார்க்க அவருடைய ஒப்புதல் வேண்டும். அதனால் ஏஜெண்டிடமே நேராகக் கேளுங்கள்: "பாஸ், நான் 50,000 வரைக்கும் கடன் நிறுத்தப் போறேன், கம்பெனி ரிப்போர்ட் ஒண்ணு அனுப்புங்க, இல்லன்னா ஒப்புதல் ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க." ஒழுங்காக நடக்கும் கம்பெனிகள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை. அவர்களிடம் உர நிறுவனமும் டயர் சப்ளையரும் இதையேதான் கேட்டிருப்பார்கள். கோபப்படுபவரிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

திவால் துறையான ஜபாத்தான் இன்சொல்வென்சியின் இணையத் தேடலையும் விடாதீர்கள். திவாலானவர் சட்டப்படி கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. அதனால் மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் கம்பெனியைப் போட்டுவிட்டுத் தாமே எல்லாவற்றையும் நடத்துபவர்கள் உண்டு. உங்களிடம் பேசுபவர் பெயர் எஸ்.எஸ்.எம்.மில் இல்லை, ஆனால் முடிவெடுப்பது அவர்தான் என்றால் அவர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி அங்கே தேடுங்கள்.

காகிதத்தில் வராத செய்தி நிறைய உண்டு. அதை நம் ஊரிலேயே விசாரிக்கலாம். தோட்டத்து எடைமேடைக் கெராணியைப் போல இந்த விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. எந்தக் கம்பெனி லோரி தவறாமல் வருகிறது, யாருடைய டிரைவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள், எந்த ஏஜெண்டின் பெயரைச் சொன்னால் டிரைவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள், மரியாதையாக, பெயரை வெளியே விடாமல். டயர் கடைக்காரரையும் டீசல் பம்ப் முதலாளியையும் கேளுங்கள். லோரித் தொழிலில் பணம் இறுகும்போது முதலில் அடி வாங்குவது டயர் கடைக் கணக்கு. "முன்னே மாசா மாசம் வரும், இப்ப செக் தேதி தள்ளிப் போடுறாங்க" என்று அவர் சொன்னால், அது சி.டி.ஓ.எஸ். அறிக்கையில் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்த தகவல். இந்த ஏஜெண்ட் கிள்ளான்காரர் என்பதால் அவருக்கு இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு லோரி முதலாளிகளின் பெயரைக் கேளுங்கள். அவர் கொடுக்கும் பெயர்களோடு நிற்காமல், துறைமுக உரக் கிடங்கு வரிசையில் நிற்கும் டிரைவர்களிடமும் விசாரியுங்கள்.

பிறகு, லோட் உண்மையில் அவருடையதுதானா என்ற கேள்வி. உர நிறுவனமோ தோட்டக் கம்பெனியோ ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட்டருக்கு வேலை கொடுக்கிறது. அவர் ஓர் ஏஜெண்டிடம் தள்ளுகிறார், அந்த ஏஜெண்ட் இன்னொருவரிடம். நான்காவது கைக்கு வரும்போது ரேட்டும் தேய்ந்திருக்கும், நடுவில் ஒருவர் விழுந்தால் உங்கள் பணமும் அங்கேயே நிற்கும். மேலே இருக்கும் பெரிய கம்பெனியிடம் போய், "நான்தானே ஏற்றி வந்தேன்" என்று நின்றால், "நாங்கள் எங்கள் டிரான்ஸ்போர்ட்டருக்குக் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். உங்களோடு ஒப்பந்தம் செய்தவர்தான் உங்களுக்குக் கடன்காரர். ஆகவே முதல் லோடுக்கு முன்னாலேயே சரக்கு அனுப்புபவர் அலுவலகத்துக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் ஃபோன் செய்து, இந்தக் கம்பெனிக்கு இந்த வேலை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ரேட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது அவர்கள் ரகசியம். "டிரான்ஸ்போர்ட்டர் லிஸ்டில் இந்தப் பெயர் இருக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். ஃபோன் எண்ணை ஏஜெண்டிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள். பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசும் போலிகளும் இருக்கிறார்கள்.

போலியா என்று பார்க்க இன்னும் இரண்டு எளிய வழி உண்டு. போலீஸின் செமாக் மியூல் இணையத்தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தட்டினால், அவற்றின் மேல் புகார் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். அவர் கொடுத்த கணக்குக்கு டுவிட்நவ்வில் (வங்கிச் செயலியின் பணம் அனுப்பும் வசதியில்) ஒரு வெள்ளி அனுப்பப் போவது போலத் திறந்து பாருங்கள், உரிமையாளர் பெயர் திரையில் வரும். கம்பெனிப் பெயர் வராமல் யாரோ ஒரு தனியாள் பெயர் வந்தால் விளக்கம் கேளுங்கள். லோட் தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்டால் பேச்சை அத்தோடு முடியுங்கள். ஏற்கனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இனி உரிமம், எடை, காப்புறுதி. பலர் இதைப் பணத்தோடு சம்பந்தமில்லாத தனி விஷயமாகப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான். சட்டத்தை ஏய்த்து மிச்சம் பிடிக்கும் ஏஜெண்ட், நெருக்கடி வந்தால் அடுத்து ஏய்ப்பது லோரிக்காரரைத்தான்.

கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்ற, தரைப் போக்குவரத்து உரிமம் தரும் அரசு அமைப்பான அப்பாட் கொடுக்கும் பெம்பாவா ஏ உரிமம் வேண்டும். பெம்பாவா சி உரிமம் சொந்தச் சரக்குக்கு மட்டும். உங்கள் லோரிக்கு இருப்பது சி என்றால் இந்த உர லோடைத் தொடவே கூடாது. பிடிபட்டால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்க வழி கிடைப்பது மறு பக்கம். இந்த ஏஜெண்ட் உங்களிடம் கெரான் (வாகன உரிமைப் பத்திரம்), உரிமம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் புஸ்பாகோம் சோதனைச் சீட்டு, காப்புறுதி, டிரைவரின் ஜி.டி.எல். (சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்) நகல் இவற்றைக் கேட்டாரா? கேட்டிருந்தால் அது அவருக்கு நல்ல மதிப்பெண். கேட்காமலே "நாளைக்கு லோட் எடுங்க" என்றால், அவருக்கு மேலே இருப்பவர்களும் அவரைக் கேட்காத இடம் அது.

"உங்ககிட்ட ஏ பெர்மிட் இல்லையா, பரவாயில்ல, எங்க பெர்மிட்ல போட்டுக்கலாம்" என்று அவர் சொன்னால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிச் செய்யும்போது லோரியின் கெரான் அவர் கம்பெனி பெயருக்கு மாறும். மாதத் தவணை கட்டுவது நீங்கள், டயர் போடுவது நீங்கள், ஆனால் காகிதத்தில் லோரி அவருடையது. அவர் கம்பெனியைக் கலைக்க யாராவது மனுப் போட்டால் லிக்விடேட்டர் (கம்பெனியைக் கலைக்கும் அதிகாரி) போடும் சொத்துப் பட்டியலில் உங்கள் லோரியும் ஏறும். "இது என்னுடையது, பெர்மிட்டுக்காகத்தான் பெயர் மாற்றினேன்" என்று நீங்கள் போய்ச் சொல்வது, சட்டம் அனுமதிக்காத ஒன்றைச் செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாகும். வர வேண்டிய பணம் போனால் ஓடிச் சம்பாதிக்கலாம். லோரியும் சேர்ந்து போய்விட்டால் எதை வைத்து ஓடுவது? இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனபோது கிடைத்த இழப்பீட்டில் லோரிக்கு முன்பணம் கட்டியவர்களும் அதில் உண்டு. தயவுசெய்து கொஞ்சம் தாமதமானாலும் சொந்தமாக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

எடைக்கு வருவோம். லோரிக் கதவில் எழுதியிருக்கும் பி.டி.எம்., சுமையோடு சேர்த்து உங்கள் லோரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. ஏஜெண்ட் டிரிப் ரேட் இல்லாமல் டன் ரேட் பேசினால் உடனே ஒரு கணக்குப் போடுங்கள். அனுமதிக்கப்பட்ட எடையில் ஏற்றினால் அந்த ரேட்டில் டீசலும் சம்பளமும் கட்டுமா? கட்டாது, மேலே ஐந்து டன் போட்டால்தான் கட்டும் என்றால், அந்த ரேட்டே உங்களைச் சட்டத்தை மீறச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 2025 மே 13 அன்று தெலுக் இந்தான் ஜாலான் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றிய லோரியும் எஃப்.ஆர்.யூ. (போலீஸின் கலவரத் தடுப்புப் பிரிவு) வாகனமும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நம் ஊர்ச் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தச் சாலையில்தான் நீங்களும் லோரி ஓட்டப் போகிறீர்கள். ஏற்றும் எடையை எழுத்தில் கேளுங்கள், எடைச்சீட்டின் நகலை டிரைவர் கையில் வாங்கச் சொல்லுங்கள். அனுமதி எடைக்கு மேல் என்றால் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரக்குக் காப்புறுதி யாருடையது என்றும் கேளுங்கள். லோரியின் மோட்டார் காப்புறுதி மேலே இருக்கும் சரக்கைக் காக்காது. மழையில் நனைந்த உரத்துக்கோ குறைந்த மூட்டைக்கோ உங்கள் இன்வாய்ஸில் கழிப்பார்களா, எந்த ஆதாரத்தின் பேரில், எந்த வரம்பு வரை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பணம் தர மனமில்லாதவர் முதலில் தேடும் சாக்கு ஷார்ட்டேஜ்தான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூட்டை எண்ணிக்கையில் ஸ்டோர் கெராணியின் கையெழுத்தும் முத்திரையும் டி.ஓ.வில் இருந்தால் அந்தச் சாக்கு நிற்காது.

நாளைக்கு அதே ஏஜெண்ட் செம்பனைப் பழம் ஏற்றச் சொன்னால் அதற்குத் தனிச் சோதனை உண்டு. 2005 மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய உரிம விதிகளின்படி பழக்குலை வாங்கி விற்பவருக்கு வாரியத்தின் உரிமம் வேண்டும். அதன் நகலைப் பார்க்காமல் ஒரு குலையும் ஏற்றாதீர்கள். திருட்டுப் பழமாக இருந்தால் மாட்டுவது சாலையில் நிற்கும் லோரிதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஒப்பந்தம். இரண்டு பக்கக் காகிதம் போதும். கம்பெனியின் முழுப் பெயர், பதிவு எண், ரேட், 60 நாள் எந்த நாளில் இருந்து என்பது, தாமதத்துக்கு வட்டி, காத்திருப்புக் கட்டணம், கழிவு விதி. வெறுங்கைக் கம்பெனி என்றால் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் கட்டாயம் வேண்டும். அதுதான் கம்பெனிச் சுவரைத் தாண்டி அவர் வீட்டு வாசல் வரை உங்களைக் கொண்டுபோகும். முத்திரை வரி கட்டி ஸ்டாம்ப் செய்யுங்கள், செய்யாத காகிதத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அன்றாட உத்தரவுகள் வாட்சப்பில் வந்தால் போதும், ஆனால் குரல் பதிவாக வந்ததை நீங்கள் எழுத்தில் திருப்பிக் கேட்டு உறுதி வாங்குங்கள்.

பின்தேதியிட்ட செக் தருகிறேன் என்பார்கள். இந்திய வழக்கறிஞர்களின் காணொலிகளைப் பார்த்துவிட்டு, செக் திரும்பினால் ஆள் ஜெயிலுக்குப் போவார் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். அது இந்தியாவின் 138-ஆவது பிரிவு. இங்கே அப்படி ஒரு பிரிவு இல்லை. திரும்பிய செக் சிவில் வழக்குக்கு நல்ல ஆதாரம். 12 மாதத்தில் மூன்று செக் போதிய பணமில்லாமல் திரும்பினால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஏற்பாட்டின்படி அவர் கரண்ட் கணக்கு மூடப்படும். அவ்வளவுதான் அதன் பலம்.

வரியில் ஒன்றைக் கவனியுங்கள். 2024 மார்ச் 1 முதல் சரக்குப் போக்குவரத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. 12 மாத வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டினால் நீங்களும் பதிய வேண்டும். இந்த வரி பணம் கைக்கு வந்ததும் கட்ட வேண்டியது. ஆனால் இன்வாய்ஸ் போட்டு 12 மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், வராத பணத்துக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டிவரும். ஒற்றை லோரியில் இப்போதைக்கு அந்த வரம்பு எட்டாது, மூன்றாவது லோரி வாங்கும்போது நினைவில் வையுங்கள். இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வந்துவிட்டால் அதை முறையாகப் போடுங்கள். வாங்குபவர் 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்காவிட்டால், பிறகு "எனக்கு இப்படி ஒரு பில்லே வரவில்லை" என்று சொல்வது அவருக்குக் கடினம்.

பணம் நின்றுபோனால் என்ன வழி என்பதையும் இப்போதே தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு கடன் விடலாம் என்று முடிவெடுக்க முடியும். 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமல் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போடலாம், அது தனிமனிதர்களுக்கான வழி. அதற்கு மேல் 100,000 வரை மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. வழக்குப் போட ஆறு ஆண்டு காலவரம்பு. கடன் 50,000 வெள்ளியைத் தாண்டினால் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் கம்பெனியைக் கலைக்கக் கேட்கலாம், ஆனால் அதில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை மேலே டிபென்ச்சர் பற்றிச் சொன்ன இடத்தில் பார்த்தோம்.

ஆகவே இந்தக் கிள்ளான் ஏஜெண்டுக்கு நான் தொடக்கத்தில் வைக்கும் வரம்பு 5,000 வெள்ளிக்கு மேல் போகாது. முதல் மாதம் வாரப் பணம், அல்லது மூன்று டிரிப்புக்கு ஒருமுறை. டீசல் செலவை ஏற்றும்போதே முன்பணமாகக் கேளுங்கள், பல ஏஜெண்டுகள் தருகிறார்கள். அது ஒழுங்காக வந்தால் வரம்பையும் அதற்கேற்ப உயர்த்தி, இரண்டாம் மாதம் 14 நாள், பிறகு 30. 60-க்கு அவசரப்பட வேண்டாம். வரம்பைத் தொட்டதும் அடுத்த லோட் கிடையாது என்பதை வாயால் சொல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாக்கி நிற்கும்போது "இன்னும் ரெண்டு டிரிப் ஓட்டுங்க, சேர்த்துப் போட்டுடுறேன்" என்று வரும் வார்த்தைக்கு லோரியை நகர்த்தாதீர்கள்.

இன்றிரவே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: கம்பெனியின் முழுப் பெயர், 12 இலக்க எண், அப்பாட் உரிம நகல், யாருடைய சரக்கு, 60 நாள் எப்போது தொடங்கும், சரக்குக் காப்புறுதி யாருடையது. பதில் வந்ததும் எஸ்.எஸ்.எம். அறிக்கையை வாங்கி எனக்கு அனுப்புங்கள் தம்பி, அடமானப் பகுதியை இருவரும் சேர்ந்தே படித்துவிடுவோம். அதுவரை லோரியைச் சும்மா நிறுத்த வேண்டியதில்லை. உங்களிடம் ஏ உரிமம் இருந்தால், பாகான் டத்தோவில் தேங்காய் ஏற்றும் வியாபாரிகள் சிலர் இறக்கிய அன்றே ரொக்கம் கொடுப்பார்கள். ரேட் குறைவுதான், ஆனால் டீசலுக்கும் டிரைவருக்கும் கட்டும்.